பயம்னு சொல்லத் தெரிந்த குழந்தை

ஒரு சின்னப் பரிசோதனை. (அறுபதைத் தாண்டியவர்கள் படித்தால் மட்டும் போதும், செய்ய வேண்டாம்.) பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, கையெட்டும் தூரத்தில் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து ஒற்றைக் காலில் நில்லுங்கள். பத்து எண்ணுங்கள். சுலபம்தானே? இப்போது கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் பத்து எண்ணுங்கள்.

ஆறு, ஏழு வருவதற்குள் கணுக்கால் ஆட ஆரம்பித்திருக்கும். கை தானாகச் சுவரைத் தேடியிருக்கும்.

விஷயம் இதுதான். நாம் சும்மா நிற்பதற்கே மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். ஒன்று, கண். இரண்டு, உள்காதில் திரவம் நிரம்பிய அரைவட்டக் குழாய்கள். மூன்று, பாதம், மூட்டு, தசை எல்லாவற்றிலிருந்தும் மூளைக்கு ஓயாமல் சேதி அனுப்பிக்கொண்டிருக்கும் நரம்புகள். கண்ணுக்கு லீவு கொடுத்ததும் மற்ற இரண்டு பேரும் திணறிப் போகிறார்கள். இதே மூன்று பேரை வைத்துக்கொண்டுதான் 10 சென்டிமீட்டர் அகலமே உள்ள கட்டையில், தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில், ஒரு பெண் பின்பக்கமாகக் கரணம் போட்டு மறுபடி அதே கட்டையில் வந்து நிற்கிறாள். அதற்குப் பிறகு சிரிக்கவும் செய்கிறாள்.

இதை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள்? ஒரே வகுப்பில் ஒரே நாளில் சேர்ந்த இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது இன்னொன்றுக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது? நம்மிடம் இதற்கு ரெடிமேடாக இரண்டு பதில்கள் உண்டு. 'அவளுக்கு இயற்கையிலேயே திறமை.' 'இவளுக்கு தைரியம் போதாது.'

இரண்டும் முழு உண்மை இல்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் தங்கை மகளை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புக்குக் கூட்டிப்போகும் வேலை எனக்கு இருந்தது. ஒன்பது வயசு. டி.வி.யில் ஒலிம்பிக்ஸ் பார்த்துவிட்டு ஹால் சோபாவிலிருந்து குதித்து, ஷோகேஸ் கண்ணாடி உடைந்த மறுவாரம் சேர்த்துவிட்டார்கள். கேலரியில் என்னைப் போலவே ஃபிளாஸ்கும் செய்தித்தாளுமாக ஒரு கூட்டம். அங்கே உட்கார்ந்து பார்த்தது, அதைத் தொடர்ந்து தேடிப் படித்தது இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் மூன்று மாதம் கரணமே கிடையாது. சுவரில் காலைச் சாய்த்துத் தலைகீழாக நிற்பது, மல்லாந்து படுத்து வயிற்றை உள்ளிழுத்து வாழைப்பழம் மாதிரி வளைந்திருப்பது, கம்பியில் தொங்குவது. அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அப்பா, "சார், இதுக்கா மாசாமாசம் பீஸ் கட்டறோம்? தொங்கறதுக்கு வீட்லயே துணிக்கொடி கம்பி இருக்கே" என்றார்.

இதற்குத்தான் கட்டுகிறோம். பின்பக்கமாகத் தாவிக் கையில் இறங்கும்போது உடம்பின் மொத்த எடையும், வேகமும் சேர்ந்து தோளிலும் மணிக்கட்டிலும் வந்து விழுகிறது. அதைத் தாங்கத் தெரியாத தோளுக்கு எந்தக் கோச்சும் எந்த வித்தையையும் கற்றுத்தர முடியாது. 'எப்படிச் செய்வது' என்பது மூளைக்குப் புரிந்துவிட்டாலும், 'செய்தால் தாங்குவாயா' என்று உடம்பு ஒரு கேள்வி கேட்கும். அதற்குப் பதில் இருந்தால்தான் அடுத்த பாடம்.

அடுத்து, திரும்பத் திரும்பச் செய்வது. இதில்கூட நாம் நினைப்பதுபோல் எண்ணிக்கை மட்டும் கணக்கில்லை. 1979ல் அமெரிக்காவில் ஷே, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு எளிய சோதனை செய்தார்கள். சின்னச் சின்ன மரத் தடுப்புகளைச் சொன்ன வரிசையில் கையால் தட்டிவிட வேண்டும். மூன்று விதமான வரிசைகள். ஒரு குழு முதல் வரிசையை நன்றாகப் பழகி முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்துகட்டிப் பழகியது. பயிற்சியின்போது முதல் குழுதான் பிரமாதம். கலந்து பழகியவர்கள் தடுமாறினார்கள். ஆனால் பத்து நாள் கழித்துக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னால், தடுமாறியவர்கள் முந்திக்கொண்டார்கள்!

அதாவது, பயிற்சி அழகாக நடப்பதும் பாடம் ஏறுவதும் ஒன்றல்ல. ஒவ்வொரு தடவையும் 'இது எப்படி?' என்று மூளை புதிதாக யோசித்து எடுக்க வேண்டியிருந்தால்தான் அது தங்குகிறது. இதற்காக முதல் நாளே எல்லாவற்றையும் கலந்துகட்டினால் கழுத்து போய்விடும். ஆபத்தான புது வித்தையின் உருவம் முதலில் பிடிபட வேண்டும். கலப்பது அதற்கப்புறம்.

மூன்றாவது விஷயம், வாய். கோச்சின் வாயும், முக்கியமாகக் கேலரியின் வாயும். "கையை நேரா வை! முழங்காலை மடக்காதே! தலையைத் தூக்கு!" என்று ஒரு அம்மா மேலிருந்து ரன்னிங் கமென்ட்ரி கொடுப்பார். குழந்தை மரப்பாச்சி மாதிரி விறைத்துவிடும். 1990களின் கடைசியில் காப்ரியேல வுல்ஃப் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். பனிச்சறுக்குப் பயிற்சி இயந்திரம் ஒன்றில் சிலரை ஏற்றி, 'உங்கள் பாதத்தைக் கவனியுங்கள்' என்றார். வேறு சிலரிடம் 'பாதத்துக்குக் கீழே உள்ள சக்கரங்களைக் கவனியுங்கள்' என்றார். சக்கரத்தைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். சொந்த உடம்பை உற்றுக் கவனிக்க ஆரம்பித்தால், தானாக நடக்க வேண்டிய காரியத்தில் நாம் மூக்கை நுழைக்கிறோம். படி இறங்கும்போது எந்தக் கால் முதலில் என்று யோசித்துப் பாருங்கள், தடுக்கும்.

நல்ல கோச்கள் இதை ஆய்வு படிக்காமலே அறிந்து வைத்திருக்கிறார்கள். 'கையை நேராக்கு' என்பதற்குப் பதில் 'தரையைத் தள்ளி விடு' என்கிறார்கள். இரண்டும் ஒரே காரியம்தான். இரண்டாவது, உடம்புக்குப் புரிகிற பாஷை.

நான்காவது, தூக்கம். இதை நம் வீடுகளில் யாரும் பயிற்சியில் சேர்ப்பதே இல்லை. 2002ல் வெளியான ஒரு ஆய்வில், விரல்களால் ஒரு வரிசையில் வேகமாகத் தட்டப் பழகியவர்கள், ஒரு ராத்திரி தூங்கி எழுந்ததும் கூடுதல் பயிற்சி எதுவும் இல்லாமலே சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள். பகலெல்லாம் விழித்தே இருந்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. நாம் தூங்கும்போது மூளை அன்றைய பாடத்தை எடுத்து வைத்து மடித்து அடுக்குகிறது. விடியற்காலை ஹிந்தி டியூஷன், சாயங்காலம் பாட்டு, ராத்திரி பத்து மணிக்கு ஹோம்வொர்க், நடுவில் ஜிம்னாஸ்டிக்ஸ் என்று போகிற குழந்தைக்கு அடுக்க நேரம் எங்கே?

ஐந்தாவது, வளர்ச்சி. இது பெரிய சதிகாரன். நேற்றுவரை ஜோராகக் கரணம் போட்ட பெண்ணுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதில் திடீரென்று எல்லாம் தப்பிப் போகும். 'சோம்பேறி ஆயிட்டா' என்பார்கள். ஆகவில்லை, உயரமாகிவிட்டாள். ஆபீஸில் சுழல் நாற்காலி இருந்தால் கையை விரித்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள், பிறகு கையை மார்போடு மடக்குங்கள். விர்ரென்று வேகம் கூடும். விரித்தால் குறையும். கை, கால் நீண்டுவிட்ட உடம்பைச் சுழற்றுவது அதுபோலத்தான் கடினமாகிறது. மூளையில் இருக்கும் கணக்கோ பழைய உயரத்துக்கானது. அத்தோடு மணிக்கட்டு எலும்பின் வளரும் நுனி அந்த வயதில் மென்மையானது. அங்கே வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் அது சாக்கு இல்லை.

கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு உதாரணம். 2000ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்ஸ். பெண்கள் தனிநபர் ஆல்-ரவுண்ட் இறுதிப் போட்டி. வால்ட் பகுதியில் உலகத்தின் தலைசிறந்த பெண்கள் ஓடி வந்து தாவுகிறார்கள், ஒருவர் பின் ஒருவராகத் தடுமாறுகிறார்கள். தங்கம் வாங்குவார் என்று பேசப்பட்ட ரஷ்யாவின் ஸ்வெட்லானா ஹோர்கினாவே முழங்காலில் விழுந்தார். யாருக்கும் புரியவில்லை. கடைசியில் ஆஸ்திரேலியாவின் அலானா ஸ்லேட்டர், 'இந்த வால்ட் குள்ளமாக இருக்கிறதே' என்றார். அளந்து பார்த்தார்கள். 125 சென்டிமீட்டர் இருக்க வேண்டியது 120 இருந்தது.

ஐந்து சென்டிமீட்டர். உங்கள் கட்டை விரல் நீளம்தான். கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் அந்தப் பெண்களின் உடம்புக்குத் தெரிந்தது. மறுபடி தாவ வாய்ப்புக் கொடுத்தார்கள். ஹோர்கினா அதற்குள் அடுத்த கருவியிலும் விழுந்து, போட்டி கைவிட்டுப் போயிருந்தது. நான்கு வருஷ உழைப்பு. அன்று அந்தப் பெண்களுக்கு திறமையோ தைரியமோ குறைந்துவிடவில்லை. உடம்பு நம்பியிருந்த ஒரு அளவு மாறிவிட்டது, அவ்வளவே.

'நம்பியிருந்த' என்றேன். மேலே சொன்ன ஐந்தையும் விடப் பெரிய விஷயம் இதுதான்.

நம் ஊர் உதாரணத்துக்கே வருவோம். தீபா கர்மாகர். திரிபுராவில் அகர்தலா. ஆறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்ந்தபோது அவருக்குத் தட்டைப் பாதம். தாவுவதற்கும் இறங்கி நிற்பதற்கும் பாதத்தின் வளைவு ஸ்பிரிங் மாதிரி உதவும். அது இல்லாமல் வந்த குழந்தையை 'இது தேறாது' என்று அனுப்பியிருக்கலாம். கோச் பிஸ்வேஸ்வர் நந்தி அனுப்பவில்லை. அந்த வளைவைக் கொண்டுவருவதற்கென்றே பயிற்சிகள் கொடுத்தார். கருவிகளுக்கும் வழியில்லை. பழைய ஸ்கூட்டர் பாகங்களை வைத்துச் செய்த சாதனத்தில் பழகிய கதை பிற்பாடு எல்லாப் பேப்பரிலும் வந்தது.

அந்தப் பெண் தேர்ந்தெடுத்த வித்தை 'ப்ரோடுனோவா'. 1999ல் ரஷ்யாவின் யெலெனா ப்ரோடுனோவா செய்து காட்டியது. ஓடி வந்து, கையூன்றி எழும்பி, அந்தரத்தில் முன்பக்கமாக இரண்டு கரணம் போட்டுக் காலில் இறங்க வேண்டும். சுழற்சி கொஞ்சம் குறைந்தால் முதுகோ கழுத்தோ. இதை வெற்றிகரமாகச் செய்த பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தீபா அதை வைத்து 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வாங்கினார். 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் 15.066 புள்ளியோடு நான்காம் இடம். வெண்கலம் 0.150 புள்ளியில் தப்பியது. 2024ல் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம். அதே வருஷம் அக்டோபரில் ஓய்வு.

நாம் கைதட்டும்போது 'என்ன தைரியம்!' என்கிறோம். ஆனால் இந்த மாதிரி வித்தையை யாரும் தைரியத்தை மட்டும் நம்பிச் செய்வதில்லை. முதலில் ஸ்பாஞ்ச் துண்டுகள் நிரப்பிய குழிக்குள் விழுந்து பழகுவது. பிறகு மெத்தை மேல் மெத்தை அடுக்கி அதில் இறங்குவது. ஒவ்வொரு மெத்தையாக உருவி, கடைசியில்தான் நிஜத் தரை. ஒவ்வொரு படியிலும் உடம்பு 'சரி, இது வரைக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை' என்று கையெழுத்துப் போட்டுக்கொடுக்கிறது. அந்தக் கையெழுத்தைத்தான் தூரத்திலிருந்து பார்க்கிற நாம் தைரியம் என்கிறோம்.

கையெழுத்து இல்லாமல் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? எலெனா முகினாவின் கதையைக் கேளுங்கள்.

சோவியத் யூனியன் வீராங்கனை. 1978ல் உலக சாம்பியன். 1979ல் கால் முறிந்தது. சரியாக ஆறுவதற்கு முன்பே மறுபடி பயிற்சி. அடுத்த வருஷம் மாஸ்கோவில் ஒலிம்பிக்ஸ், அவசரம். 'தாமஸ் சால்ட்டோ' என்று ஒரு கரணம், ஆண்கள் செய்வது. ஒன்றரைச் சுற்று வந்து தலையை உள்வாங்கி உருண்டு எழ வேண்டும். இதைச் செய்தால் கழுத்தை முறித்துக்கொள்வேன் என்று தன் பயிற்சியாளரிடம் சொன்னதாக முகினாவே பிற்பாடு கூறினார். உன்னை மாதிரி ஆட்கள் கழுத்தை முறித்துக்கொள்வதில்லை என்று பதில் வந்ததாம். 1980 ஜூலையில், ஒலிம்பிக்ஸுக்கு இரண்டு வாரம் முன்பு, பயிற்சியின்போது எழும்பிய வேகம் போதாமல் தாடை தரையில் மோதி விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது. அப்போது இருபது வயது. 2006ல் இறக்கும் வரை அப்படியே இருந்தார். அந்தக் கரணம் பிறகு பெண்களுக்குத் தடை செய்யப்பட்டது.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். உடம்பு சரியான தகவலைச் சொல்லியிருக்கிறது. அந்தப் பெண் அதை வாய்விட்டும் சொல்லியிருக்கிறார். கேட்கத்தான் ஆளில்லை.

நாற்பத்தோரு வருஷம் கழித்து, 2021 ஜூலையில் டோக்கியோ. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் வால்ட்டில் எழும்புகிறார். அந்தரத்தில் இரண்டரை முறுக்கு சுழல வேண்டியவர் ஒன்றரையோடு இறங்குகிறார். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்பதே உடம்புக்குத் தெரியாமல் போகிற நிலை. ஜிம்னாஸ்ட்கள் இதற்கு 'ட்விஸ்டீஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் சொன்னேனே மூன்று பேர், அவர்கள் திடீரென்று ஆளுக்கொரு சேதி சொல்ல ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? அப்படி. பைல்ஸ் அணிப் போட்டியிலிருந்து விலகினார். 'நாட்டைக் கைவிட்டுவிட்டார்' என்று ஏசியவர்கள் உண்டு. ஒரு வாரம் கழித்து, முறுக்கு இல்லாத முடிவாக மாற்றிக்கொண்டு பீமில் வெண்கலம் வாங்கினார். 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. அன்றைக்கு நிறுத்தியதால்தான் பாரிஸ் வந்தது என்று நான் நினைக்கிறேன்.

சரி, நம் வீட்டுக் கதை. தங்கை மகள் 'பேக் ஹேண்ட்ஸ்பிரிங்' வரைக்கும் நன்றாக வந்தாள். பின்பக்கமாகத் தாவி, கையூன்றி, காலில் எழுவது. இரண்டு மாதம் செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் கை வழுக்கித் தலை பாயில் இடித்தது. பெரிய அடி இல்லை. ஆனால் அதற்கப்புறம் கோட்டில் போய் நிற்பாள், கையைத் தூக்குவாள், அப்படியே நிற்பாள். குதிக்க மாட்டாள். அப்போதிருந்த கோச் மற்ற குழந்தைகள் எதிரில் 'பயந்தாங்கொள்ளி' என்று பட்டம் கட்டினார். வரிசையில் சிரிப்பு. வீட்டிலும் பாட்டி, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தச் சர்க்கஸ், நிறுத்துங்க" என்றாள். தங்கை பேச்சை நிறுத்தவில்லை, இடத்தை மாற்றினாள்.

புது இடத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மேடம். முதல் நாளே, "எந்த இடத்துலம்மா பயமா இருக்கு? குதிக்கறப்பவா, கை படறப்பவா?" என்று கேட்டார். அதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. சின்னவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தரை கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மேடம் ஆறு வாரம் வேலை பார்த்தார். பீப்பாய் மாதிரி ஒரு ஸ்பாஞ்ச் உருளையின் மேல் மல்லாந்து உருண்டு, தரை எப்போது கண்ணில் படும் என்று பார்க்கச் சொன்னார். பிறகு சரிவான மெத்தையில். பிறகு முதுகில் முழுக் கையை வைத்துத் தாங்கினார். அடுத்த வாரம் இரண்டு விரல். அதற்கடுத்த வாரம் ஒரு விரல். அப்புறம் கையே இல்லை, பக்கத்தில் நின்றார். பிறகு ஒருநாள் அவள் குதித்தபோது மேடம் ஹாலின் மறுகோடியில் வேறு குழந்தைக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். யாரும் கைதட்டவில்லை. அவளும் திரும்பி வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

மேடத்திடம் கேட்டேன், "பயந்த குழந்தைக்குக் கத்துத் தர்றது கஷ்டம் இல்லையா?"

"பயமா இருக்குன்னு சொல்ற குழந்தை சுலபம் சார். எங்கே சொல்லித் தரணும்னு அதுவே காட்டிக் கொடுத்துடுது. திட்டுக்குப் பயந்துட்டு, பயமே இல்லாத மாதிரி நிக்குது பாருங்க... அதைப் பார்த்தாதான் எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

ஜிம்னாஸ்டிக்ஸுக்கு மட்டுமா இது? நீச்சல், சைக்கிள், பரதம், கார் ஓட்டுவது, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பால் கற்கிற எல்லாவற்றிலும் பயம் பாடத்துக்கு வெளியே இல்லை, பாடப் புத்தகத்திலேயே ஒரு பக்கம். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மேலே படிக்க முடியாது.

ஆகவே, உங்கள் வீட்டுக் குழந்தையை இந்த மாதிரி எதிலாவது சேர்த்திருக்கிறீர்கள் என்றால், வகுப்பு முடிந்து வண்டியில் ஏறியதும் 'இன்னிக்கு என்ன கத்துக்கிட்டே?' என்று கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இன்னிக்கு எதாவது பயமா இருந்துச்சா? கோச்கிட்ட சொன்னியா? அவர் என்ன பண்ணார்?

மூன்றாவது கேள்விக்கு வருகிற பதிலை வைத்து, அடுத்த மாதம் அங்கே பீஸ் கட்டலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.